எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி

யாராவது ‘வேலை முடிஞ்சுதா?’ என்று கேட்டால் ஆத்மநாதன் உடனே பதில் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொள்வார். பிறகுதான் வாய் திறப்பார்: “முடிஞ்சிருச்சுங்க. எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.”

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக்கடை மாடியில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பிரகதீஸ்வரி மூன்று வருடம் வேலை பார்த்தாள். ஆரம்பத்தில் இதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. போகப் போக, அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தால் என்ன என்று தோன்றியது.

வெப்சைட் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். வேலை நடக்கும்வரை சைட்டை ‘புதுசு’ என்ற உள் ஃபோல்டரில் வைத்துக் கட்டுவார்கள். வாடிக்கையாளரின் சொந்த முகவரிக்குப் போகிறவர்களுக்கு ‘விரைவில் வருகிறோம்’ என்ற பலகை மட்டும் தெரியும். வேலை முடிந்ததும் உள்ளே இருப்பதை எடுத்து மெயின் முகவரியில் வைக்க வேண்டும். நிதானமாகச் செய்தாலும் ஒரு மணி நேர வேலை. ஆத்மநாதனுக்கு அது ஒரு யுகம். ஒரு கல்யாண மண்டபத்தின் சைட் ஃபோல்டருக்குள்ளேயே கிடந்து, மண்டபத்தை இடித்த பிறகும் ‘விரைவில் வருகிறோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம், நாள். மெயின் முகவரிக்கு மாற்றுவது அவருக்குக் குடிபோகிற மாதிரி. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, தேய்பிறை ஆகாது, வாடிக்கையாளருக்குச் சந்திராஷ்டமம் என்றால் வாயே திறக்கக் கூடாது. குன்றாண்டார்கோவிலில் அவர் கட்டிய வீடு பெயின்ட் அடித்து நாலு வருடமாகிறது. நல்ல நாள் அமையவில்லை என்று அவரும் மனைவி ராஜலட்சுமியும் பின்னால் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள். மழைக்காலத்தில் பாத்திரங்களை ஒழுகலுக்கு வைத்துவிட்டு, பத்தடி தள்ளி டைல்ஸ் போட்ட வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிற மனிதரை பிரகதீஸ்வரி அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வீட்டில் காலேஜ் படி மிதித்தது அவள்தான் முதல். இவ்வளவு படித்து இந்த ஆளுக்குக் கீழேயா என்று தினமும் ஒரு தடவையாவது நினைப்பாள்.

வல்லத்திராக்கோட்டை செங்கமலத்தின் பலாக்கன்றுத் தோட்டத்துக்கான சைட்டை முழுக்கக் கட்டியது அவள்தான். ஆனி மாதம் முழுக்க மரம் மரமாகப் போய், பழத்தை அறுத்து, சுளையின் நிறம் தெரிய இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தாள். செங்கமலம் ஏணி பிடித்தார். படங்களை ஏற்றியதும், இடமில்லை என்று போனிலிருந்து அழித்துவிட்டாள். ஆடியில் சைட் தயார். ஐப்பசி வந்தும் அது ஃபோல்டரை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் பொள்ளாச்சி தோப்புக்காரர் ஒருவர் மூவாயிரம் கன்று வேண்டுமென்றார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சைட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு. செங்கமலம் அவருக்குக் கொடுத்த கார்டில் இருந்தது மெயின் முகவரி. கணவர் கத்தாரிலிருந்து திரும்பிவிட, அந்தக் குடும்பம் இனி தோட்டத்தை நம்பித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரகதீஸ்வரி கேட்டாள்: “சார், இப்பவே மாத்திரலாமா? மொதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சிர்றேன்.”

“நாளைக்கு ஒம்பதரைலேருந்து பத்தரை நல்ல நேரம். அதுக்கப்புறம் ராகு காலம். காப்பி எதுக்கு? குடிபோறப்பவே திரும்பி வர்றதுக்கு வழி தேடுவியா? அபசகுனம் புடிச்ச பிள்ளை!”

“படம் நெறையா இருக்கு சார். நேரமாகும்.”

“நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப நீ பால்வாடி. போம்மா.”

போனாள். பையில் பென் டிரைவ் இருந்தது.

மறுநாள் மானிட்டருக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். மூத்த கைதான் செய்ய வேண்டுமாம். ஒன்பது நாற்பதுக்கு மெயின் முகவரிக்குக் காப்பி ஆக ஆரம்பித்தது. முதல் பக்கம் வந்தது, எழுத்துகள் வந்தன. படங்கள் கடைசியில் எறும்பு மாதிரி ஊர்ந்தன. பத்து இருபத்தெட்டுக்கு முக்கால்வாசிப் படங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

“சார், இன்னும் முடியல!”

“ராகு காலத்துக்கு முன்னாடி பழைய எடத்தக் காலி பண்ணணும். ரெண்டு எடத்துல அடுப்பு எரியக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே பழைய ஃபோல்டரை அழித்தார். ஊர்ந்துகொண்டிருந்ததும் நின்றது. சைட்டை வைக்க வாடகைக்கு இடம் தருகிற ஹோஸ்டிங்கில் அவர் வாங்கியிருந்தது இருப்பதிலேயே மலிவானது. பழையதை மீட்டுத் தர அங்கே வழியில்லை.

பதினோரு மணிக்குப் பொள்ளாச்சிக்காரர் பார்த்தது, மரத்தின் பெயர்களும், அங்கொன்று இங்கொன்றாகப் படமும், மற்றபடி வரிசையாக வெற்றுக் கட்டங்களும். படத்தையே ஒழுங்காகக் காட்ட முடியாதவரிடம் கன்றை எப்படி நம்பி வாங்குவது என்று போனில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

செங்கமலம் மதியம் மாடியேறி வந்தார். “என்னண்ணே ஆச்சு?”

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். “சின்னப் பிள்ளைங்க. கை தவறி அழிச்சிருச்சு. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

செங்கமலம் பிரகதீஸ்வரியைப் பார்த்தார். “ஏத்தா, மரத்துக்கு மரம் ஏணி புடிச்சேனே ஒனக்கு.”

பொய் என்று கத்தியிருக்கலாம். கை பையிலிருந்த பென் டிரைவைத் தொட்டது. முந்தின நாள் சாயங்காலமே காப்பியை ஓடவிட்டிருந்தால் அதில் எல்லாம் இருந்திருக்கும். ஏன் எடுக்கவில்லை? அவர் திட்டியதாலா? இல்லை. இந்த ஆள் ஒரு நாள் விழட்டும், கண்ணால் பார்க்கலாம் என்று நினைத்தாள். விழுந்தது செங்கமலம்.

செங்கமலம் இறங்கிப் போனதும் கேட்டாள்: “நான் அழிச்சேன்னு ஏன் சார் சொன்னீங்க?”

“எனக்குத் தொழில் இருக்கும்மா. நீ நாளைக்கே வேற வேலைக்குப் போயிருவ. ரெண்டு நாள் போகட்டும், நானே அங்கிட்டுப் போயி உண்மையச் சொல்லிர்றேன்.”

அடுத்த மாதம் அவள் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான்: “சொல்லிட்டீங்களா சார்?”

கண்ணாடி கழன்றது, துடைபட்டது, ஏறியது. “சொல்றதுன்னு முடிவு பண்ணியாச்சு. போயிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.”

தை மாதத்தில் ஆத்மநாதன் மாரடைப்பில் இறந்தார். ஃப்ரீசர் பெட்டி தகரக் கொட்டகைக்குள் நுழையவில்லை. புது வீட்டுப் பூட்டைத் திறந்து ஹாலில் வைத்தார்கள். அப்போது மணி என்ன என்று யாரும் பார்க்கவில்லை. டைல்ஸில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட எடுத்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதன் மேல் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். பிரகதீஸ்வரிக்கு அந்த இடத்திலும் சிரிப்பு முட்டியது. தான் என்ன மனுஷி என்றும் தோன்றியது.

செங்கமலமும் மாலையோடு வந்திருந்தார். ராஜலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தங்கமான மனுசங்க. அந்தப் பிள்ளை பண்ணுன தப்புக்கு அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு.”

அந்தப் பிள்ளை மூன்றடி தள்ளி நின்றது. சொல்லிவிடலாம் என்று முன்னால் வந்தாள். ராஜலட்சுமி, “ஆமாங்க, யாரையும் விட்டுக் குடுக்க மாட்டாங்க” என்று அழுதார். அவள் நின்றுவிட்டாள்.

செங்கமலம்தான் திரும்பிப் பார்த்து, “நல்லா இருக்கியாத்தா?” என்றார்.

“நல்லா இருக்கேங்க” என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள்.

வல்லத்திராக்கோட்டையில் போய்ச் சொல்ல வேண்டிய அந்த ஒரு பேச்சை ஆத்மநாதன் கடனாக வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அடைபடவில்லை.