மார்ச் எட்டு

டிரிங்... டிரிங்...

மாலை 4.10. ஒரு நிமிடம்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால், பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும், தடித்த கண்ணாடி போட்ட நம்ம சோடாபுட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஒரு இதய மருத்துவமனையில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு பேட்டரி மாற்றும் தேதி வரும்போது முன்கூட்டியே கூப்பிட வேண்டும். ஆகஸ்ட் மாதப் பட்டியலை அன்று ஐந்து மணிக்குள் தர வேண்டும். பெயர் விட்டுப்போனால் ஆள் போய்விடுவார். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கோ உச்சந்தலை வரை கோபம். எவனோ தேதிகளை வெறும் எழுத்தாகப் போட்டு வைத்திருந்தான். அவனை மதியத்திலிருந்து திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அச்சடித்த பட்டியலில் 47 பேர். நாற்பத்தாறு பேருக்கு ஆகஸ்ட் தேதி. ஒரே ஒரு வரியில் மட்டும் ‘மார்ச் 8’. அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். 47. மார்ச் 8.

“டேய், என்கிட்ட விளையாடுறியா?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன்.

“நான் இன்னும் டீயே குடிக்கல. என்னை ஏன் கடிக்கிறே?” என்றான் சோடாபுட்டி.

அப்போதுதான் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெரியவர். பின்னால் டிக்... டிக்... என்று ஏதோ சத்தம்.

“என் தேதி தப்பா இருக்கு.”

“கம்ப்யூட்டர் சொல்றதுதாங்க தேதி. வைங்க போனை.”

4.19. மறுபடியும்.

“என் தேதி தப்பா இருக்கு.”

டிக்......... டிக். இடைவெளி கூடியிருந்தது.

4.31. குரல் இல்லை.

டிக்...

அப்புறம் அதுவும் இல்லை.

“காலையில பெயின்ட் அடிக்க வந்தவங்க அந்த போன் ஒயரைப் பிடுங்கிட்டாங்களே. நீ யார்கிட்ட கத்திட்டு இருக்கே?” என்றான் சோடாபுட்டி.

மேஜைக்கடியில் பார்த்தேன். ஒயர் சுருட்டிக் கிடந்தது.

பட்டியல் எடுக்கும் குவெரியை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளையை, திறந்து வரி வரியாகப் படித்தேன். மருத்துவமனையில் நாளை முதலில் எழுதுவார்கள், மாதம் பிறகு. குவெரி மாதத்தை முதலில் படித்தது. 08/03, மார்ச் எட்டு... அது ஆகஸ்ட் மூன்றாகியிருந்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாட்கள் மட்டும், அப்படியொரு மாதம் இல்லாததால், தப்பித்திருந்தன. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எழுதியவன் யார்? குவெரியின் முதல் வரியைப் பார்த்தேன்.

என் பெயர். ஜனவரி மாதம் எழுதியது.

சரிசெய்து ஓட்டினேன். தேதி தாண்டியும் கூப்பிடப்படாத ஒன்பது பேர் வந்தார்கள். அன்றே பக்கத்து அறை போனிலிருந்து கூப்பிட்டோம். ஒன்பது பேரும் போனை எடுத்தார்கள்.

மார்ச் 8 வரி மட்டும் காணோம். தேடினேன். அப்படி ஒரு பதிவே டேட்டாபேஸில் இல்லை.

ஆனால் முதலில் அச்சடித்த தாளில், அந்த வரியில் அவருடைய போன் எண் இருந்தது. மறுநாள் காலை 9.05-க்கு அதே பக்கத்து அறை போனிலிருந்து அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேங்க. பெரியவர்கிட்ட பேட்டரி தேதி பத்திப் பேசணும்.”



“அப்பா போய் மூணு மாசம் ஆச்சு. போறதுக்கு முன்னாடி உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி தேதி தப்புன்னு அவர் கேட்டப்ப ஸ்பீக்கர்ல நானும் கேட்டுட்டுதான் இருந்தேன்... ‘கம்ப்யூட்டர் சொல்றதுதாங்க தேதி’ன்னு அன்னைக்குப் போனை வெச்ச குரல், உங்களோடதுதானே?”