படகுக்காரி யாருக்கு என்ன முறை

ஞாயிறு மதியங்களில் நாங்கள் நான்கு பேர் கோவில்பத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பகடை வைத்துக் கதை விளையாடுகிறோம். ஆளுக்கு ஒரு பாத்திரம். அது என்ன செய்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துபவர் அந்த நண்பர், கல்லூரி ஆசிரியர். மற்ற இருவர் கணவன் மனைவி. கணவருக்கு நிலக்கரி இறங்கும் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. அவர் பைக் சீட்டில் எப்போதும் மெல்லிய கரித்தூள் படிந்திருக்கும். மனைவி பள்ளி ஆசிரியை.

புதிய கதை ஒரு கற்பனைத் துறைமுகத்தில் நடப்பது. முதல் வேலை, பாத்திரங்களுக்குள் யாருக்கு யார் என்ன உறவு என்று எல்லோரும் சேர்ந்து வரைவது. சார்ட் தாளை விரித்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம், வட்டங்களுக்கு நடுவே கோடு, கோட்டின் மேல் சில சொற்கள். அதை இரண்டு முனைக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் பாத்திரம் வைத்தியர். கணவருடையது சுங்க அதிகாரி. மனைவி படகுக்காரியை எடுத்துக்கொண்டார். பென்சிலைத் தொடும் முன்பே சொல்லிவிட்டார்:

"இவருக்கு என்னை யாருன்னே தெரியக் கூடாது. நெசத்துல நான் இவருக்கு மாமன் மக, பொறந்ததுலேருந்து பாத்த மொகம். பொண்ணு பாக்க வந்தப்பகூட ஒரு கேள்வி கேக்கல. இங்கயாச்சும் கேக்கட்டும்."

"கேட்டா திட்டுவ," என்றார் கணவர்.

நான் வைத்தியரைச் சுங்க அதிகாரியின் அக்காவாக்கியிருந்தேன். படகுக்காரி வைத்தியருக்கு அத்தை மகள் என்று மனைவி எழுதினார்.

கணவர் சிரித்தார். "அக்காவுக்கு அத்தை பொண்ணுன்னா எனக்கும் அத்தை பொண்ணு. முறை வந்துடுச்சு!"

மனைவி அதை அழித்துவிட்டுச் சித்தி மகள் என்று எழுதினார்.

"அப்ப எனக்குத் தங்கச்சியா? ஐயய்யோ, அண்ணே, அழிக்கச் சொல்லுங்க," என்றார் கணவர் நடத்துபவரிடம்.

எனக்கு இது புதிதாக இருந்தது. இந்த விளையாட்டுக்கான விதிப் புத்தகத்தின் மாதிரி வரைபடத்தில் 'பயப்படுகிறாள்', 'காப்பாற்றினான்', 'பொறாமை' என்ற கோடுகள்தான் இருந்தன. எங்கள் கையோ தானாகவே முறை எழுதியது. ஒரு கோட்டில் முறை எழுதிவிட்டால் மற்ற கோடுகளை நம் கணக்கே போட்டுவிடுகிறது: கட்டிக்கொள்ளும் முறை, அல்லது கூடப்பிறந்த முறை. மூன்றாவதாக ஒரு வகை அதில் இல்லை.

"எதிரின்னு போட்டுக்கலாமா?" என்றார் கணவர்.

"எதிரின்னாலும் தெரிஞ்சவதானே, மாமா."

"சொந்தத்த விடுங்க," என்றார் நடத்துபவர். "அவ என்ன செய்யுறான்னு எழுதுங்க."

வைத்தியருக்குப் போகும் கோட்டில் மனைவி எழுதினார்: 'மருந்து வாங்குகிறாள், ஊர் சொல்வதில்லை.' நான் ஒப்புக்கொண்டேன். சுங்க அதிகாரிக்குப் போகும் கோடு காலியாகக் கிடந்தது. விதிப்படி அப்படி விடக் கூடாது. கணவர் பென்சிலை வாங்கி எழுதினார்: 'இன்னும் கேட்கவில்லை.' மனைவி படித்துவிட்டுத் தலையசைத்தார்.

கதை தொடங்கியது. படகு துறையில் வந்து நிற்கிறது, சுங்க அதிகாரி விசாரிக்கலாம் என்றார் நடத்துபவர்.

"யாருங்க நீங்க? எந்த ஊரு?"

"ஊரச் சொன்னா யாரு வூடும்பீங்க. வூட்டச் சொன்னா யாரு மகளும்பீங்க. வேற கேளுங்க."

என் பத்திரிகை வேலையில் இதைப் பார்த்திருக்கிறேன். பெயரும் ஊரும் கேட்டு முடித்த பிறகு வரும் அடுத்த கேள்விதான் சிரமம். மின்விசிறிக் காற்றில் சார்ட்டின் ஓரம் எழும்பியது. கணவர் டீ டம்ளரை அதன் மேல் வைத்தார்.

"தனியாவா படகு ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. தனியாப் போறது எனக்குப் புடிக்கும்."

"அது எனக்குத் தெரியாதே," என்றார் கணவர்.

சொன்னது சுங்க அதிகாரியா அவரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கதையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக நடத்துபவர் பகடையைக் கணவர் பக்கம் நகர்த்தினார். மனைவி அதன் மேல் கையை வைத்து மறைத்தார்.

"இருங்கண்ணே. இன்னும் கேக்கட்டும்."