கிளட்ச் மிதிக்க ஓர் ஆள்

ஒஹாயோவில் நான் ஓட்டும் காருக்குக் கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். வலது கால் எல்லா வேலையையும் செய்ய, இடது கால் புது மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு சிகப்பு விளக்கிலும் அது முன்னால் போய் வெறும் தரையை அழுத்துகிறது. ஒரு நாள் கூட வந்த அலுவலக நண்பர் இதைக் கவனித்துவிட்டு, காலில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டார். இல்லை, கிளட்ச் மிதிக்கிறேன் என்றேன். குனிந்து பார்த்தார். இல்லாத கிளட்ச்சை மிதிக்கிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? மறுநாள் ஒரு நல்ல எலும்பு டாக்டரின் பெயரைச் சொன்னார்.

இந்த ஊரில் கார் வேலையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவை வீட்டு வாசலில் பிரேக்குக்குக் காற்று எடுக்கப் படாத பாடு பட்டேன். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து குழாயில் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். பக்கத்து வீட்டு டேவ் தன் புல்வெளியில் நின்றபடி எல்லாம் சரியா என்று கேட்டார். நம் வழக்கப்படி, பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நம் பக்கம் அப்படிச் சொன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குந்திவிடுவார்கள். டேவ் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார், மகராசன். அன்றைக்கே கடைக்குப் போய்க் கையால் காற்றை உறிஞ்சும் சின்ன பம்பு ஒன்று வாங்கினேன். 'இன்னொரு ஆள் தேவையில்லை' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அமெரிக்காவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

கூடுவாஞ்சேரியில் அப்பாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. தொண்ணூறுகளில், நான் கல்லூரியில் படிக்கும்போது, ஆபீஸ் அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கியது. எங்கள் சொந்தத்திலேயே முதல் கார். வாங்கிய கையோடு, செய்யூர் பக்கத்தில் தான் பிறந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பெரிய தெருவில், ஓர் ஆடுகூடக் குறுக்கே வராதபோதும், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போனார். பாதி விலை அந்த ஹாரனுக்குத்தான் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்புறம் ஞாயிறு தவறாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரை. நான் அமெரிக்கா வந்த பிறகு, வயசான காலத்தில் ஏன் தனியாகக் கிடக்கிறீர்கள், வந்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

"வண்டி ஓடுற வரிக்கும் இங்கதான். நின்னுச்சின்னா உன்கூட வந்துடறோம்."

அப்பா சொன்ன சொல் மாறாதவர். ஆகவே கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நான் அந்தக் கார் சாவதற்காகக் காத்திருந்தேன்.

நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது அது நின்றது. மாமல்லபுரத்துக்குக் கிளம்பியவர்கள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அப்பா மிதித்த பெடல் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. கியர் விழவில்லை, காலடியெல்லாம் எண்ணெய். "மாஸ்டர் பூட்ச்சி" என்றார். பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளிக் கிளட்ச்சை விடுவிக்கிற மாஸ்டர் சிலிண்டர் அது. உள்ளே ரப்பர் தேய்ந்தால் இந்தக் கதிதான். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மனசுக்குள் அவர்களுடைய விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பழைய வண்டிக்கு இனி எங்கே சாமான் கிடைக்கப் போகிறது என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லியும் பார்த்தேன். அப்பா பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குள் புது சிலிண்டரோடு திரும்பிவிட்டார். அங்கே கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதாம்.

அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிரைவர் சாலமன், பக்கத்து வீடு, கூப்பிடாமலே வந்தார். இருவருமாகப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். பாதித் தெரு கூடி நின்று யோசனை சொன்னது. சைக்கிள்கூட விடத் தெரியாத கேபிள்காரர்தான் அதிகம் சொன்னார். பிரேக்கைப் போலவே கிளட்ச் குழாயிலும் காற்று எடுக்கும் கட்டம் வந்ததும், அப்பாவிடம் காட்ட ஒஹாயோவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த என் பம்பைப் பெருமையாக எடுத்து வந்து, அட்டையில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். சாலமன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இது ஆளே இல்லாத ஊருக்கு செஞ்சது தம்பி. இங்க இன்னாத்துக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கல்லூரிக் காலத்தில் அது என் வேலை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் சாலமன் அமுக்கு என்றால் அமுக்குவதும் விடு என்றால் விடுவதும் அவ்வளவு பழக்கமாக இருந்தது. நான் இல்லாத வருஷங்களில் அந்தப் பெடலை யார் மிதித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கால் வலிக்கிறது என்று இறங்கி, என்னை உட்காரச் சொன்னாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அவரு வுடச் சொன்னா மட்டும் வுடு" என்றாள்.

வண்டிக்கு அடியிலிருந்து சாலமனின் குரல் வந்தது. அமுக்கினேன். திருகு திறந்தது, பெடல் என் காலோடு மெல்ல இறங்கியது. "அப்டியே புடி, வுட்றாத." அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருகு திறந்திருக்கையில் நான் காலை எடுத்துவிட்டால் போதும், காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். ஒவ்வொரு தடவையும் அப்படிச் செய்தால் பெடல் எழும்பவே எழும்பாது. புது சிலிண்டரும் ஆகாது, வண்டி நின்றுவிட்டது என்று அப்பா ஒத்துக்கொள்வார். இரண்டு பேரும் என் வீட்டில், என் கண் முன்னால் இருப்பார்கள். திறந்திருந்த பானெட்டின் ஓரமாக அப்பா எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒஹாயோவில் இந்த மனுஷன் எந்தத் தெருவில் போய் ஹாரன் அடிப்பார்? அங்கே அடித்தால் போலீசைக் கூப்பிடுவார்கள். அழுத்திய காலை நான் எடுக்கவில்லை. திருகை மூடிவிட்டு சாலமன் "வுடு" என்றார். விட்டேன். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ததில் பெடல் காலுக்குக் கல் மாதிரி கெட்டிப்பட்டது, கியரும் விழுந்தது.

அன்று சாயங்காலம் மாமல்லபுரம் போனோம். வழியெல்லாம் ஹாரன். அடுத்த வாரம் நான் தனியாக விமானம் ஏறினேன். பம்பை சாலமனிடமே கொடுத்துவிட்டேன், அவர் பேத்தி அதில் தண்ணீர் உறிஞ்சி விளையாடுகிறாளாம். இங்கே சிகப்பு விளக்கு விழும்போதெல்லாம் இடது கால் முன்னால் போய்த் தரையை அழுத்துகிறது. பச்சை விழுந்து கார் நகர்ந்த பிறகும் அங்கேயே இருக்கிறது. கீழேயிருந்து யாராவது "வுடு" என்று சொல்ல வேண்டும்.