பர்மாவுக்குப் போகாத லாரி

பழைய பட்டாள லாரி எங்கே, எப்போது பிறந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். ஜாதகக்காரரிடமாவது பிறந்த நேரத்தைச் சொல்லிவிட்டுப் பலன் கேட்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் பலனை முதலில் சொல்லிவிட்டு, அதற்குத் தோதான பிறந்த நேரத்தைக் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிப் பிழைக்கிற எந்த வேலையில் நீங்கள் இருந்தாலும் என் கஷ்டம் புரியும்.

போர்டு எழுதியாச்சு

திருவனந்தபுரத்தில் யாருடைய பட்டாள லாரியானாலும் அது பர்மா போருக்குப் போனதுதான். தம்பானூரில் ஓட்டல் நடத்தும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர், வாசலில் பச்சை லாரியை நிறுத்தி, ‘உலகப் போரில் பர்மாவில் ஓடியது’ என்று பெரிய போர்டும் வைத்துவிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். செங்கல் ஏற்றிய சாதாரண லாரி. பச்சை பெயிண்ட் என் கையில் ஒட்டிக்கொண்டது. பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி அசரவில்லை.

“சாரமில்ல, பரவால்ல தம்பி, போர்டு எழுதியாச்சுல்லா!”

செருப்பைக் கழற்றுங்கள்

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தோசை சாப்பிட வந்து, போர்டைப் படித்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மானம் போன அண்ணாச்சி அசல் வண்டி தேடச் சொன்னார். போனக்காடு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் ஒன்று கிடந்தது. அடுத்த வாரம் பழைய இரும்புக்காரர் வந்து உடைக்கப்போகிறார். அதை முப்பது வருடம் ஓட்டிய செல்லத்துரை, யாராவது கொண்டுபோய் முழுசாக வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்த ஊரும் வருடமும் சொல்லும் டாஷ்போர்டுத் தகடுகள் எப்போதோ போய்விட்டன. மிச்சம் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தில் வெட்டிய எண் மட்டும்தான். அந்த இடத்தில் விரல் கனத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எண்ணெய் தடவி, மேலே சந்தனம் அப்பியிருக்கிறார். சுரண்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க சார், வண்டிக்கு நெத்தி அது, கேட்டோ!”

பர்மா உண்டா?

செருப்பைக் கழற்றி, ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தேன். சுற்றிலும் சேஸிஸ் அப்பளமாய் உதிர, எண் மட்டும் நேற்று வெட்டியதுபோல் இருந்தது. இவ்வளவு பத்திரமான எண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அது சொன்ன ஊர், பட்டாள லாரி செய்யும் தொழிற்சாலை உள்ள ஜபல்பூர். உலகப் போர் முடிந்து வெகுகாலம் கழித்து நம் நாட்டிலேயே செய்த வண்டி.

பக்கத்தில் நின்ற செல்லத்துரையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னால் வண்டி பிழைத்துவிடும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

“ஜபல்பூர நான் வச்சு என்ன செய்ய? பர்மா உண்டான்னு பாரு தம்பி.”

சாட்சி

மனசு கேட்கவில்லை. கதவின் உள்மூலையில் பிளேடால் கீறினேன். மேலே தோட்டத்து நீலம், அதற்கடியில் பட்டாளத்துப் பச்சை, அதற்கும் அடியில் மணல் நிறம். பாலைவனத்தில் ஓடவிட்ட வண்டிக்குத்தான் அந்த நிறம் பூசுவார்கள். படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். மேற்கு எல்லைப் பக்கம் இருந்திருக்கலாம், சண்டைக்குப் போனதா என்பதற்குக் காகிதம் இல்லை என்றும் எழுதினேன். இனி எந்தப் பட்டாளக்காரரும் சிரிக்க முடியாத வண்டி என்பது அண்ணாச்சிக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுநாளே மலையேறி வந்து விலையும் பேசிவிட்டார்.

மூடிய ஷெட்டில் வருடக்கணக்காகத் தூங்கிய எஞ்சினைச் செல்லத்துரை புது பேட்டரி மாட்டி மூன்றாம் முயற்சியில் உறுமவைத்தார். அண்ணாச்சி சின்னப் பிள்ளை போல முன்சீட்டில் தாவி ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே அவருக்குப் பழைய கவலை வந்துவிட்டது. சண்டைக்குப் போனதற்குச் சாட்சி இல்லை என்றால் போர்டில் என்னதான் எழுதுவது? செல்லத்துரை ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

“முப்பது வருசம் ஓட்டினது செல்லத்துரைன்னு எழுதுங்க மொதலாளி, அதுக்கு நானே சாட்சி.”

இத்தனை வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகளைப் படித்துச் சண்டைக்கு வராதவர்கள் குறைவு. ஒருவரும் மறுத்துப் பேசாத ஒரே வரி, நான் எழுதாமல் போர்டில் ஏறிய அந்த வரிதான்.