ஆற்றின் அடிச்சேறு

அலுவலகத்தில் அவளுக்குச் 'சேத்துக்காரி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் கோபப்பட மாட்டாள். நீர் ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருடமாக உதவியாளர்.

மாதாமாதம் ஆற்றுத் தண்ணீர் பாட்டில்களில் வரும். சோதித்துவிட்டு 'குறையில்லை' என்று எழுதுவார்கள். மலையில் ஈய, துத்தநாகச் சுரங்கம் வந்த பிறகும் அதே கதைதான். ஆனால் கீழ்க்கரை வயல்களில் பயிர் மஞ்சளித்தது. கன்றுகள் காலை இழுத்து நடந்தன. பாட்டிலின் அடியில் தங்கும் சாம்பல் நிறச் சேற்றைக் கழுவி ஊற்றுவது அவள் வேலை. ஒருநாள் ஊற்ற மனம் வரவில்லை. நேரே அதிகாரியிடம் போனாள்.

"சார், உலோகமெல்லாம் மண்ணோட ஒட்டிக்கிட்டு அடியில படுத்துடும். நாம தெளிஞ்ச தண்ணியைப் பாத்துட்டு நல்லாருக்குங்கறோம்."

"கேக்காத வேலையை எதுக்கும்மா இழுத்துப் போட்டுக்கிறீங்க?"

"லீவு நாள்ல செஞ்சுக்கிறேன் சார்."

"என்னமோ பண்ணுங்க. என் தலை உருளாம இருந்தா சரி."

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழங்கால் சேற்றில் நின்றாள். சுரங்கத்துக்கு மேலே மூன்று இடம், கீழே இருபது. காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, ஈயமும் துத்தநாகமும் எவ்வளவு என்று பார்த்தாள்.

சுரங்கத்தில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிற அண்ணன் காதுக்கு விஷயம் எட்டியது. வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான்.

"கூடப் பொறந்தவளே என் சோத்துல மண்ணைப் போடுறியா?"

"எல்லார் சோத்துலயும் அது விழுந்து நாளாச்சுண்ணே. எவ்வளவு விழுந்திருக்குன்னுதான் பாக்குறேன்."

அவன் விருட்டென்று போய்விட்டான். இரண்டு மாதம் போனைக்கூட எடுக்கவில்லை.

முடிவு வந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுரங்கத்துக்கு மேலே, யாரும் கை வைக்காத ஆற்றிலும் துத்தநாகம் எக்கச்சக்கம். "இயற்கையாவே இருக்கு, விடுங்க," என்றார் அதிகாரி. அவளால் விடமுடியவில்லை. மேலே ஈயம் இல்லவே இல்லை. இரண்டும் பாறையில் சேர்ந்தே இருப்பவை; துத்தநாகம் மட்டும் எப்படி வரும்? மூன்று நாள் அதே யோசனை. நான்காம் நாள் சல்லடையைக் கழுவும்போது அதன் கம்பி தேய்ந்து பளபளப்பதைப் பார்த்தாள். பித்தளை! பித்தளையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துத்தநாகம்தானே. சுத்தமான மணலை அதில் சலித்துச் சோதித்தாள். அந்த மணலிலும் துத்தநாகம் ஏறியிருந்தது.

தப்பு தன்னுடையது என்று அதிகாரியிடம் அவளே போய்ச் சொன்னாள். நைலான் சல்லடை வாங்கினாள். இருபத்து மூன்று இடத்திலும் முதலிலிருந்து இறங்கினாள்.

அதற்குள் ஆற்றின் கீழ்ப்பக்கத் தடுப்பணையைத் தூர்வாரி, அந்த வண்டலை வயல்களுக்கு உரமாகக் கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அன்று மாலை அண்ணன் போன் செய்தான். வண்டல் போகும் வயல்களின் பட்டியலில் அவன் மாமனார் வயலும் இருந்தது.

"சுரங்கத்துக் கழிவுக் குட்டையில மேற்கு மூலைக் கரை கசியுது. மழை வந்தா நேரா ஓடையில எறங்குது. நான் சொன்னேன்னு மூச்சு விட்டுடாத."

அந்த ஓடையிலும் சேறு எடுத்தாள். இம்முறை எண்கள் வாய்விட்டுப் பேசின. சுரங்கத்துக்கு மேலே ஒன்றுமில்லை. ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஈயம் எகிறியது. போகப்போகக் குறைந்து, தடுப்பணையில் மறுபடி குவிந்திருந்தது.

அதிகாரி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தத் தடவை சல்லடை எது?" என்றார்.

"நைலான் சார். வெறும் மணலையும் சலிச்சுப் பாத்துட்டேன். கடைசிப் பக்கத்துல இருக்கு."

கையெழுத்துப் போட்டார்.

வண்டல் வயலுக்குப் போகவில்லை. குட்டையின் கரையைப் புதிதாகக் கட்டச் சுரங்கத்துக்கு உத்தரவு போனது. கட்டி முடிக்க ஒரு வருடம் இழுத்தடித்தார்கள். அண்ணன் வேலைக்கு ஆபத்து வரவில்லை. ஆற்றின் அடியில் கிடப்பது அப்படியேதான் கிடக்கிறது. அது நீங்க எத்தனை காலமாகும் என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் மாதாந்திரப் படிவத்தில் இப்போது 'சேறு' என்று ஒரு பத்தி இருக்கிறது.

"இனிமேலாவது ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா?" என்றார் அதிகாரி.

"கிளையாறு பாக்கி இருக்கு சார். இந்தத் தடவை ஆபீஸ் ஜீப்பைக் குடுங்க."