முதல் சாயம்

நாற்பத்தைந்து விநாடி. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். நமுனுகுல உச்சித் தோட்டத்தில் செய்யும் ஊலாங் தேயிலை சுடுதண்ணீரில் கிடக்க வேண்டிய நேரம் அது. அதைத் தாண்டினால் அந்த இலைக்கே உரிய பால் வாசனை போய்த் துவர்ப்பு ஏறிவிடும் என்று, தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ரமணன் சொல்லியிருந்தார்.

இராக்கம்மா அந்த எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும்போது அவளைக் குளவி கொட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். இன்னொரு தடவை கொட்டினால் உயிர் தங்காது என்றார் டாக்டர். கெஞ்சிக் கூத்தாடித்தான் ஊலாங் அறையில் இலை உருட்டும் வேலையை வாங்கினாள். கொழும்பிலிருந்து வாங்க வந்திருக்கும் ரிப்கானுக்கு இன்று தேயிலை பிடிக்காவிட்டால் அறைக்குப் பூட்டு. அவளுக்கு மறுபடி ஒன்பதாம் நம்பர். ஊற்றிக் கொடுக்கும் பெண் லீவு போட்டதால் இன்று அந்த வேலையும் அவள் தலையில்.

"மொதத் தண்ணிய ஒடனே வடிச்சிடு. வெளங்குதா?" என்றார் ரமணன்.

"வடிச்சிடுறேங்கய்யா."

வடித்தாள். ரிப்கானின் கோப்பையில்.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுருங்கியது. "என்னங்க இது, கோப்ப கழுவின தண்ணி மாதிரி! பால் வாசன எங்க?"

ரமணனின் முகம் கறுத்தது. "என்ன செஞ்ச நீ?"

"நீங்கதானேங்கய்யா வடிக்கச் சொன்னீங்க."

"கீழ கொட்டச் சொன்னேன்! அது எலையக் கழுவுற தண்ணி!"

"தேத்தண்ணியில மொதச் சாயத்த யாருங்க கீழ கொட்டுவா? அத வீட்டுக்கு வந்தவங்களுக்குத்தானே குடுப்பாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் காதுக்குள் குளவி இரைந்தது. பூட்டு விழுந்தாயிற்று என்றே நினைத்தாள்.

ரிப்கான் சிரித்துவிட்டார். "மரியாத கூடிப்போச்சு போல. சரி, மறுக்கா ஊத்துங்க."

கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றினாள். உருண்டு கிடந்த இலை மெல்ல விரிந்தது. உதடு அசைய எண்ணினாள். முப்பதில் தடுமாறி, மூச்சைப் பிடித்து, நாற்பத்தைந்தில் வடித்தாள். வெளிர் மஞ்சள் சாயம். ஒரு சொட்டுப் பால் விடவில்லை. ஆனாலும் சுண்டக் காய்ச்சிய பாலின் ஆடை வாசனை எழும்பியது.

ரிப்கான் கண்ணை மூடிக் குடித்தார். அவர் தொண்டை அசைவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வழுக்கிட்டுப் போகுதுங்க. இன்னொன்னு ஊத்துங்க."

அறைக்குப் பூட்டு விழவில்லை. இராக்கம்மா மலைக்குப் போகவில்லை. மற்றவர்கள் போனார்கள்.

அந்த மாதம் ஒன்பதாம் நம்பர் மலையில் குளவி கொட்டியவர்கள்: பதினான்கு.