தனகோடி கழற்றிய சக்கரம்

தனகோடியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் வெட்கத்தை எழுத வேண்டும். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பின் டைம் ஆபீஸில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதுதான் என் உலகம். தோல் பதனிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கழிவுநீர்ப் பகுதியில் ஆபரேட்டர். தோல் பதனிடும் டிரம்மிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரில் குரோமியம் இருக்கும். அந்தத் தண்ணீர் தொட்டியில் சேர்ந்து, பம்பு வழியாக ஏறி, குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தொட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய் உண்டு. அதன் வால்வைத் திறந்தால் தண்ணீர் நேராகக் கால்வாய்க்கு, அங்கிருந்து பாலாற்றுக்கு. சட்டப்படி இருக்கவே கூடாத குழாய். ஆனால் இருந்தது. தனகோடியின் வீடு அந்தக் கால்வாய் ஓரத்தில்தான். அவள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது.

ஒரு திங்கட்கிழமை பம்பு நின்றது. உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் மூன்று துண்டாகிவிட்டது. அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டதாம். பம்பையே முழுசாக மாற்ற வேண்டும், புதுசு வர எட்டு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு கையகல விசிறிக்காக, நாலு ஆள் தூக்கும் இரும்பைக் காயலான் கடைக்குப் போடுவதாம். அதுவரை என்ன செய்வது? மெயின்டனன்ஸ் மேனேஜர் தபரேஸ் அந்த வால்வைக் காட்டினார்.

"எட்டு வாரம்தானே. கொஞ்சம் கொஞ்சமா விட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் தனகோடி. சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்பேனரை எடுத்து வால்வின் கைச்சக்கரத்தைக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா திமிரு இது! ஸ்பேனர் போட்டே திருப்புவேன், பாக்குறியா?"

"திருப்புங்க சார். யார் திருப்புனாங்கன்னு லாக் புக்ல பேரோட எழுதிடுறேன்."

யாரும் திருப்பவில்லை. விஷயம் முதலாளி ரஃபி அகமதுவின் காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. கத்தாத முதலாளியிடம்தான் எனக்கு பயம் ஜாஸ்தி.

"தொட்டியில நாலு நாளைக்குத்தான் எடம் இருக்கு. சனிக்கிழமை காலைல பம்பு ஓடுச்சுன்னா நீ இரு. இல்லேன்னா சக்கரத்தைக் குடுத்துட்டுப் போயிடு" என்றார்.

அடுத்த காம்பவுண்டில் இருப்பது அவருடைய ஷூ கம்பெனி. அங்கே சாம்பிள் செக்‌ஷனில் அம்பரீன் என்ற பெண், த்ரீ-டி பிரிண்டரில் ஷூவின் அடிப்பாகத்துக்கு மாதிரிகள் செய்வாள். முறுக்கு பிழிவதுபோல் நைலானை உருக்கி, வரி மேல் வரியாக அடுக்கிப் பொருளை எழுப்பும் இயந்திரம் அது. செவ்வாய்க்கிழமை தனகோடி மூன்று துண்டையும் முந்தானையில் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

"பண்ணலாம்க்கா" என்றாள் அம்பரீன். "நைலானைக் கட்டியா வாங்கி லேத்துல கடைஞ்சா பாதி சீவலாப் போயிடும். இது தேவையான எடத்துல மட்டும்தான் வைக்கும், கழிவு ரொம்பக் கம்மி. பம்பையும் தூக்கிப் போட வேணாம்."

துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, அளந்து, அதேபோல் நைலானில் ஒரு இம்பெல்லர் செய்தார்கள். புதன்கிழமை மாட்டினார்கள். பம்பு உறுமியது. தண்ணீர் பாதிக் குழாய் வரை ஏறி நின்றுவிட்டது. தபரேஸ் கைகொட்டினார்.

"ஷூ பொம்மை செய்ற மெஷின வெச்சு பம்பு ஓட்றாங்களாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தனகோடி யாரையும் பார்க்கவில்லை. நைலான் இம்பெல்லரைக் கழற்றித் துடைத்து, அதையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தொட்டி விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி. கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தவள், பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். காகிதம் பறக்காமல் இருக்க நான் வைத்திருந்த கனத்தையே பார்த்தாள்.

"இன்னாணா இது?"

"பழைய சாமான். பம்பு புதுசா வந்தப்ப ஸ்பேரா கூட வந்தது. வரும்போதே ரெண்டு இதழ் உடைஞ்சிருந்தது. கனமா இருக்கேன்னு எடுத்து வெச்சிக்கிட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். பதினோரு வருடமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இம்பெல்லர் என் மேசையில் இருந்திருக்கிறது. அவள் அதை எடுத்து விரலால் தடவினாள். மீதி நாலு இதழும் விளிம்பு மழுங்காமல் இருந்தன. பையிலிருந்த நைலான் இம்பெல்லரை அதன் பக்கத்தில் வைத்தாள். நைலானில் ஒவ்வொரு இதழும் சுண்டுவிரல் அகலத்துக்குக் குட்டை.

"தேஞ்சதை அளந்தா தேஞ்சதுதானேணா வரும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உப்பும் மணலும் பதினோரு வருடம் தின்றதுபோக மிஞ்சியதைத்தான் இருவரும் அச்சு அசலாகச் செய்திருந்தார்கள்.

"இதை எடுத்துக்கிறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஷாப்புக்கு ஜும்மா நாள்தான் வார லீவு. டிரம் சுற்றாது, தொட்டி ஏறாது. முதலாளி சொன்ன கெடுவில் அந்த ஒரு நாள் அவளுக்கு மிச்சம். அம்பரீன் லீவு நாளிலும் வந்து மெஷினை ஓட்டினாள். நாலு இதழை அளந்து ஆறாக்கி, காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறு வரை பிழிந்து எடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை தபரேஸ் கையில் ஸ்பேனரோடு தொட்டிப் பக்கம் நின்றிருந்தார். தனகோடி பம்பை மூடி, போல்ட்டுகளை முறுக்கி, சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் குழாய் முழுக்க ஏறி மேலே விழுந்த சத்தம் டைம் ஆபீஸ் வரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து வால்வுச் சக்கரத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"உங்க கனத்தை எடுத்துக்கிட்டேன்ல. இதை வெச்சிக்கங்க."

ஏழு மாதமாகிறது. பம்பு ஓடுகிறது. தேய்ந்தால் இன்னொன்று செய்துகொள்ள அளவு அம்பரீனிடம் இருக்கிறது. போன வாரம் நல்ல மழை. கால்வாய் நிரம்பி ஓடியபோது தபரேஸ் என் மேசைக்கு வந்தார்.

"அந்தச் சக்கரத்தைக் குடுங்க. ஆர்டர் ஜாஸ்தி, தொட்டி தாங்கல. இந்த மழையில யாருக்குத் தெரியப் போவுது?"

பத்தொன்பது வருடத்தில் எந்த மேனேஜரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை. சக்கரத்தின் மேல் கையை வைத்தேன்.

"முடியாது சார். காகிதம் பறந்துடும்."